முத்துமாரி தட்டை இழுக்கவில்லை

அம்மா,

நேற்று மாலை திருத்தங்கல் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் காதுக்குப் பின்னால் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. முகமும் கையும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அந்த இடம் மட்டும் விட்டுப்போயிருந்தது. உங்களுக்கும் அங்கேதான் விட்டுப்போகும். ஞாயிறு ஆராதனையில் முக்காட்டுக்குள் அது மினுங்குவதைப் பிரசங்கம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சொல்லாத ஒன்றை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நீங்களும் முத்துமாரி அத்தையும் ஒரே அறையில் மருந்து அடைத்தீர்கள். சொந்தம் இல்லை, ஒரே வேனில் போய் வந்த பழக்கம். சீசன் நேரத்தில் ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வாசலுக்கு வந்தீர்கள். அத்தைக்கும் வேண்டுமா என்று கேட்கத் திரும்பியபோது அறை வெடித்தது. அத்தை அங்கேயே இறந்தார். அவரை இழுக்கப் போன உங்கள் இடது கை முழங்கைவரை வெந்தது.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்திய நாள் போர்மேன் நம் வீட்டுக்கு வந்தார்.

“முத்துமாரி மருந்துத் தட்டைத் தரையில இழுத்தா, உரசித் தீப்பிடிச்சுச்சு. எல்லாரும் அப்படித்தான் சொல்லப் போறாக. நீங்களும் சொல்லிருங்க. செத்தவளுக்கு இனி என்ன வரப்போகுது?”

“அவளுக்கு ஒரு பிள்ள இருக்குல்ல” என்றீர்கள்.

மறுநாள் அதிகாரியிடம் கட்டுப்போட்ட கையோடு சொன்னீர்கள்: “அவ தட்டைத் தூக்கித்தான் வச்சாய்யா. நான் பாத்தேன். நேத்துக் கலந்து மிஞ்சின மருந்து அங்கனயே கெடந்துச்சு. அதுதான் பொகஞ்சுச்சு.”

அதன்பிறகு எந்த ஆலையிலும் உங்களைச் சேர்க்கவில்லை. கை ஆறியதும் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கப் போனீர்கள். அப்பா இல்லாத நம் வீட்டுக்கு, அத்தையின் மகள், அப்பாவும் இல்லாத செல்வியைக் கூட்டி வந்தீர்கள். அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. நாம் சபைக்குப் போகும்போது அவளும் வருவாள், நெற்றியில் திருநீறோடு. அதை அழித்துவிட்டுக் கூட்டி வரக் கூடாதா என்று சபைப் பெண்கள் கேட்டார்கள்.

“அவ அம்மா பூசிவிட்ட பழக்கம். என் வீட்டுச் சோறு தின்னதுக்காக அது அழிய வேண்டாம்” என்றீர்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் இருவருக்கும் பாவாடை தைத்தீர்கள். ஒரே துணி என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன்: “உங்கம்மா தட்டை இழுத்ததாலதான் எங்கம்மாவுக்கு வேலை போச்சு.”

அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டீர்கள். என்னை அடிக்கவில்லை. செல்விக்கு முன்னால் முழங்காலிட்டீர்கள்.

“அது பொய் தாயி. நான் கண்ணால பாத்தேன். என் வீட்டுக்குள்ள அந்தப் பொய் வந்ததுக்கு என்னைய மன்னிச்சிரு.”

அன்று சாயங்கால ஜெபத்தில், மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் நிறுத்தினீர்கள். எனக்காகத்தான் நிறுத்தினீர்கள் என்று தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துவிட்டு மேலே சொன்னீர்கள்.

பிறகு இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தீர்கள். என் மகனுக்கும் அவள் பெண்கள் இருவருக்கும் நீங்களே ஆச்சி. தினமும் மூன்று பெயரையும் சொல்லி ஜெபித்தீர்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து நானும் செல்வியும் உங்கள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தோம்.

“அன்னைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு. அம்மாதான் அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டாகளே.”

“அவங்க கேட்டாங்க. நான் கேக்கல. இப்பக் கேக்குறேன்.”

அவள் கை நின்றது.

“ஆமாக்கா, நீங்க கேக்கல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த வருசம் கேப்பீகனு நெனைப்பேன். பெறகு அம்மா மனசு சங்கடப்படுமேனு சும்மா இருந்துருவேன்.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கையிலிருந்த சேலையை மடித்து முடித்துவிட்டு, “டீ போடவா?” என்றாள். குடித்தேன்.

நீங்கள் எனக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும், அம்மா. அவளும் காத்திருந்தாள் என்பது அன்றுதான் தெரிந்தது. இருபத்தாறு கிறிஸ்துமஸ்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன்.