சுங்கை பாக்காப் முகவரி

3 பிப்ரவரி 2025, திங்கள்
மகள் ரூபினி இன்றும் சாக்ஸ் போட விடவில்லை. ஆறு வயது. எந்தப் பாலர் பள்ளியும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. "பேச ஆரம்பிச்சதும் கொண்டாங்க" என்கிறார்கள். எங்கே போய்ப் பேசக் கற்பாள்?

ஒரு நல்ல சேதி. இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அரசாங்க வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். இங்கே ஆயர் ஈத்தாமில் வந்தால் எங்கள் ஃபிளாட்டிலிருந்து நடந்தே போகலாம். நானும் வேலையை விட வேண்டாம்.

13 பிப்ரவரி
தைப்பூச விடுமுறை முடிந்து சமூகநல அலுவலகம் போனேன். கவுண்டரில் ஹாஜரா அக்கா.

"பதிவேட்டுல எங்க புள்ளைங்க அதிகமோ அங்கதான் வகுப்பு, தங்கச்சி. பன்னெண்டு பேராச்சும் வேணும். ஆயர் ஈத்தாம்ல ஒம்பதுதான்." திரையைப் பார்த்தார். "உங்க மக சுங்கை பாக்காப்லல்ல இருக்கா?"

எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஓ.கே.யூ. கார்டுக்கு, அதான் மாற்றுத்திறனாளி அட்டைக்கு, மனு போட்டபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருக்கும் மாமியார் வீட்டு முகவரியை எழுதியவள் நான்தான். கீழே லெட்டர் பாக்ஸ்களில் பாதிக்குப் பூட்டில்லை. கார்டு வரும் கவரை அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துவிட்டால்? — அந்த ஒரே பயம்.

"மாத்திடலாம். ஆனா கணக்கு டிசம்பரோட எடுத்தாச்சே," என்றார் அக்கா.

14 பிப்ரவரி
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "லெட்டர் பாக்ஸுக்குப் பயந்தே. இப்ப பாலம் தாண்டணும்லா."
சரியாகத்தான் சொன்னார். அதுதான் வலிக்கிறது.

20 பிப்ரவரி
லிஃப்டில் ஒன்பதாம் மாடி ரமணி அக்கா. எப்படியோ அழுதுவிட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா லிஃப்ட் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு, "எம் பையனுக்கும் கார்டு இருக்கு. பட்டர்வொர்த் அண்ணன் வீட்டு அட்ரஸ்ல."

"ஏன்க்கா?"

"நீ ஏன் போட்டே?"

நாலாம் மாடி மோகனராஜ் அண்ணன் மகளுக்கு ஈப்போ அட்ரஸாம். ஒரே பிளாக்கில் மூன்று பிள்ளைகள். ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம்.

ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு.

24 பிப்ரவரி
மூன்று வீட்டிலிருந்தும் போனோம். ஹாஜரா அக்கா முகவரிகளைத் திருத்தி, மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். "ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது" என்றார்.

17 மார்ச்
பதில் வந்துவிட்டது. எங்கள் திருத்தம் அடுத்த கணக்கெடுப்பில்தான் சேருமாம். வகுப்பு சுங்கை பாக்காப்பில்.

18 மார்ச்
ரமணி அக்காவும் மோகனராஜ் அண்ணனும் பிள்ளைகளை அனுப்பப்போவதில்லை. தினம் இரண்டு பஸ், நடுவில் ஃபெர்ரி — பிள்ளை தாங்காது. எங்களுக்காவது அங்கே ஒரு வீடு இருக்கிறது.
இருக்கிறதுதான்.

13 மே
வேலையை விட்டு மூன்று வாரம். மாமியாரின் பின்னறையில் நானும் ரூபினியும். வீட்டுக்காரருக்குத் தீவில், பாயான் பாருவில் ஷிஃப்ட் வேலை, சனிக்கிழமைதான் வருவார். சாயங்காலம் எந்த மோட்டார்சைக்கிள் சத்தம் வந்தாலும் அப்பா என்று ரூபினி வாசல் கேட்டுக்கு ஓடுகிறாள்.

சாக்ஸ் போட விடுகிறாள். அவர் இன்னும் பார்க்கவில்லை.

வகுப்பில் இன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முகவரி கேட்ட இடத்தில் இந்த வீட்டை எழுதினேன். இந்த முறை பொய் இல்லை.