நோனியின் பெட்டிக்கு மட்டும் சேர்ந்த விசில்கள்

அன்புள்ள மகள் டெர்வ்லாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுத்து மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னித்துக்கொள். தாளில் கோடு நேராகத்தான் இருக்கிறது, நான்தான் அதைவிட்டு இறங்கிவிடுகிறேன். இங்கே நான், நாய், என் முழங்கால் மூவரும் சுமாராக நலம், பெர்த் வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நூலகத்து மாலை வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது, பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு நோனி எழுதியவை. அவற்றில் அவளுடைய ஆப்பிள் கேக்கைப் பற்றி ஏதாவது புகழ்ச்சி இருந்திருந்தால் அதை நான் சொல்லவில்லை.

மாடுகளை விற்றபோது நீ போனில் சொன்னதை மறக்கவில்லை. வசந்தத்துக்குள் கையில் ஒரு தொழில் இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்றாய், நானும் சரி என்றேன். ஆகவே மாட்டுக் கொட்டகையில், குழல் மாதிரி பாட்டு வாசிக்கும் விசில் செய்யும் தொழில் தொடங்கியிருக்கிறேன். பித்தளைக் குழாயை அறுத்து, ஆறு துளை போட்டு, பிசிரை அரத்தால் தேய்த்து, மரக்கட்டை செருகிய வாய்ப்பகுதியைப் பசைவைத்து ஒட்ட வேண்டும். முதல் விசிலைக் கேட்டதும் நாய் எழுந்து சாலைக்குப் போய்விட்டது, மூன்றாவதைக் கேட்டுத் திரும்பி வந்தது. அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

சுருதிக்கு நோனியின் கன்சர்டினா, அவள் அம்மா வாசித்த அதே சின்னத் துருத்திப்பெட்டி. நம் பக்கம் பெட்டி சொல்வதுதான் சுருதி என்று உனக்கே தெரியும், பிடில்காரர்கள் எவ்வளவு பெரிய ஆளானாலும் அதைக் கேட்டுத்தான் தந்தியை முறுக்குவார்கள். நானும் ஒவ்வொரு விசிலையும் அவள் சமையலறைக்குக் கொண்டுபோய், அவள் வாசிக்க நான் ஊத, குழாய் நுனியையும் துளைகளையும் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தேன். ஒரு டஜன் ஆனதும் என்னிஸ் நகரத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் ஃபின்டனிடம் எடுத்துப்போனேன். நன்றாக இருந்தால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாக அவன் முன்பே சொல்லியிருந்தான். இரண்டை எடுத்து மாற்றி மாற்றி ஊதினான், முகம் மலர்ந்தது. பிறகு கடையிலிருந்த அக்கார்டியனோடு ஊதிப் பார்த்தான். "பெரியவரே, பன்னிரண்டும் ஒண்ணோட ஒண்ணு அச்சு மாதிரி சேருது. இந்த உலகத்துல வேற எதோடயும் சேரமாட்டேங்குது" என்றான்.

சுருதி ஏறிப்போயிருக்கிறதாம். நோனியின் பெட்டி அவள் அம்மா காலத்திலிருந்தே ஏறித்தான் இருந்திருக்கிறது, ஊரே அதோடு சேர்ந்து ஏறிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. மாதிரிக்குத் தன் கடை விசில் ஒன்றைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வருத்தம்தான் என்று அனுப்பிவிட்டான். பேருந்தில் வரும் வழியெல்லாம், பெர்த்துக்குப் போகும்போது என் மழைக்கோட்டை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

நோனியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைக்காரனின் அக்கார்டியன் ஒருமாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே முழுவதையும் என் வாயிலிருந்து வாங்கிவிட்டாள். "என் பெட்டி சரியாத்தான் இருக்கு செனன். ஊரு உலகந்தான் கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு" என்றாள். அப்புறம் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. கடைசியில் எழுந்துபோய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள், தேநீருக்கு என்று நினைத்தேன், இல்லை. வெந்நீரில் முக்கினால் பசை இளகும், வாய்ப்பகுதியைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குழல் நீண்டு சுருதி தானாக இறங்கும், இது தெரியாமலா கடை போட்டாய் என்று கேட்டாள். நான் முக்கி இழுத்தேன், அவள் மாதிரி விசிலை ஊதி ஒப்பிட்டுப் போதும் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி விசிலை எடுக்கப் போனபோது அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "இத மட்டும் இழுக்காத. என் பெட்டிக்கும் ஒரு துணை வேணும்" என்றாள். சரி என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபின்டன் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு இன்னும் கேட்டிருக்கிறான். அதனால் மகளே, வசந்தத்தில் உன்னைப் பார்க்க வருகிறேன், தங்க வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மழைக்கோட்டு என்னிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பன்னிரண்டாவது விசிலை எடுத்துக்கொண்டு நோனி வீட்டுக்குப் போகிறேன். வேறு எங்கே போய் ஊதினாலும் அடிக்க வருவார்கள். அவள் சமையலறையில் மட்டும் மிக நன்றாக இருக்கிறது.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, இந்த முறை அதை நோனியிடம் படிக்கக் கொடுக்கும் எண்ணமில்லை. அடுத்த வாரம் மழை பெய்தால் மறுபடி எழுதுகிறேன். பெய்யும்.

இதுவரை கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட இடத்தில், இனி இப்படி:
உன் அப்பா,
செனன்