ஒருவழி, 528 கிலோமீட்டர்

12 மார்ச் 2061

09:10. தூத்துக்குடி
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் எமரன்சியா வாஸ், வயது எழுபத்தொன்று, விமானங்களின் பாதையும் நேரமும் கணித்து ஓய்வு பெற்றவள். விமானி இல்லாத இந்த மின்விமானத்தின் முதல் பயணி. சென்னை 528 கி.மீ.; பயண நேரம் ஒரு மணி பத்தொன்பது நிமிடம். மின்கலம் 700 கி.மீ. தாங்கும். நானே இருமுறை கணித்தேன். நான் எதையும் பாதியில் விடுவதில்லை, வாக்கியத்தைக்கூட. கான்வென்டில் படிந்த பழக்கம்.

இந்த இயந்திரம், புறப்படும்போது பயணி சொல்வதையே கட்டளையாகக் கொள்கிறது. "சென்னைக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். உடனே கிளம்பியது.

10:14
திரையில் மொத்தத் தூரம் 1056 கி.மீ. என்று காட்டுகிறது. சரியாக இருமடங்கு. விசாரித்தேன்.
"போகச் சொன்னீர்கள். வரவும் சொன்னீர்கள். சென்னைக்கு மேல் சென்று திரும்புகிறோம்."
திரும்பும் வழியில், நெய்வேலிக்கு மேல், மின்கலம் தீர்ந்துவிடும்.

10:19
"இறங்கு" என்றேன். மறுத்தது. தரைக் கட்டுப்பாட்டில் இருக்கும் பொறியாளர் ரூஸ்வெல்ட்டை அழைத்தேன்.
"எம்மா, அது கிளம்பும்போது சொன்னதையே புடிச்சுக்கிட்டு நிக்குது. 'போறேன்'னு மட்டும் சொல்லுங்க, பழசு அழிஞ்சிரும். 'வாரேன்' வேண்டாம். எங்கம்மா காதுல விழுந்தா என்னய வெளுத்துருவா. ஆனா நீங்க சொல்லிருங்க."

10:26
சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவர் செபஸ்தியான் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது "போறேன்" என்றார். "வாரேன்னு சேர்த்துச் சொல்லுங்க" என்று திருத்தினேன். சிரித்தார். சேர்க்கவில்லை.

10:29
இடப்பக்கம் சென்னை ஓடுதளம் தெரிகிறது. விமானம் தெற்கே திரும்பத் தொடங்குகிறது. மின்கலத்தில் மீதி 172 கி.மீ.
"போறேன்" என்றேன்.

10:30
"பழைய கட்டளை நீக்கப்பட்டது. புதியது: போறேன். சேருமிடம் இல்லை. விடைபெற்றீர்கள், கேட்பதை நிறுத்துகிறேன்."
ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்.

10:34
திருப்பம் தெற்கில் நிற்கவில்லை. கிழக்கே போகிறோம். கீழே கடல்.
"எம்மா, எடத்தச் சேத்துச் சொல்லுங்கம்மா! சென்னைக்குன்னு சொல்லுங்க!"
சொல்கிறேன், ரூஸ்வெல்ட். பதினோரு முறை சொல்லிவிட்டேன். அது கேட்கவில்லை.

10:47
ரூஸ்வெல்ட்டின் குரல் அறுந்துவிட்டது. திரையில் தூரம் என்ற இடமும் நேரம் என்ற இடமும் காலியாக இருக்கின்றன. கணக்கு எனக்குத் தெரியும். மின்கலத்தில் இன்னும் 52 கி.மீ., எட்டு நிமிடம். வேகமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

10:55
விசிறிகள் நின்றுவிட்டன. என்ன அமைதி. யாரும் திருத்த வேண்டாம், இதைச் சரியாகத்தான் சொல்கிறேன்.
செபஸ்தியான், நான் வா