கடைசி ஆள் போகும் வரை

ஏப்ரல் 6, திங்கள்

ஊரடங்கு வந்து பன்னிரண்டு நாள். விற்பனைப் பாடம் இன்று முதல் வீட்டிலிருந்து; இந்தப் பிள்ளைகளும் எனக்குப் புதுசு. சாப்பாட்டு மேசைதான் இனி பல்கலைக்கழகம். பின்னால் வெறும் சுவர் தெரியட்டும் என்று அலமாரியை நகர்த்தினேன். மனைவி போன வருஷம் தேடிக் களைத்த கத்திரிக்கோல் அங்கே கிடந்தது. சொல்லலாம் என்று போனை எடுத்தேன். மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள்; விமானம் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே இப்போது விடிந்திருக்காது. வைத்துவிட்டேன்.

பத்து மணிக்குத் திரையில் முப்பத்தெட்டு கட்டம். ஒரு முகம் கிடையாது. எல்லாம் கறுப்பு, அதில் பெயர். சத்தம் மட்டும் முப்பத்தெட்டு வீட்டிலிருந்தும் ஒன்றாக வந்தது. மிக்ஸி, நாய், "குளிக்கப் போறியா இல்ல உதை வேணுமா" என்று ஒரு தாய். துறை அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டேன். இருந்த இடத்திலிருந்தே ஏதோ பூட்டுப் போட்டார்.

"இனிமே நீங்க திறந்தாதான் சார் அவங்களுக்கு வாய்."

எப்படித் திறப்பது என்று கேட்க மறந்துவிட்டேன். சந்தை நடுவில் முப்பத்தொரு வருஷம் பெயிண்ட் விற்றவன் நான். இப்படி ஓர் அமைதியை என் காது கேட்டதில்லை.

பதினொன்றுக்கு முடித்தேன். மழை வந்த சந்தை மாதிரி எல்லோரும் காலி. ஒரே ஒரு கட்டம் மட்டும் நின்றது. பெயர் "அம்மா போன்". உள்ளே ஆள் நிற்கும்போது நான் ஷட்டரை இறக்கியதே இல்லை. கடைசி ஆள் போகும் வரை கடை திறந்திருக்கும். அது என் தொழில். காத்திருந்தேன். போகவில்லை. இருபது நிமிஷம் கழித்து என் கணினிதான் சார்ஜ் இல்லாமல் படுத்தது.

ஏப்ரல் 9, வியாழன்

திரையின் கீழே ஒரு சிவப்பு எண். நான் பேசப் பேச அது கூடுகிறது. 4, 11, 26. விளம்பரம். தொட்டால் எதையாவது தலையில் கட்டுவார்கள். கடைக்காரனிடமே கடை விரிப்பதா? தொடவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பெயிண்ட் வாங்க வருபவன் வாயைப் பார்க்கக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும். நகத்தால் டப்பாவைத் தட்டுகிறவன் வாங்குவான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவன் பக்கத்துக் கடைக்கும் போய்ப் பார்ப்பான். வகுப்பில் நான் எப்போதும் சொல்வது இது. ஒரு காலி டப்பாவை வைத்துத்தான் நடத்துவேன். அதனால் எனக்கு "டப்பா சார்" என்று பெயர், வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்கும் கைமாறும். எனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

கறுப்புக் கட்டத்துக்குக் கை ஏது? இன்று கேள்வி கேட்டேன். காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். பதில் இல்லை. பதிலை நானே சொல்லி, "சரியா?" என்று நானே கேட்டு, "சரி" என்றும் நானே சொல்லிக்கொண்டேன்.

கடையைத் தம்பியிடம் விட்டு, ஐம்பது வயதுக்கு மேல் தபாலில் படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா?

ஏப்ரல் 16, வியாழன்

வருகைப் பதிவுக்குப் பெயர் வேண்டும். "அம்மா போன், யாருப்பா அது? பேரச் சொல்லு" என்று மூன்று தரம் கேட்டேன். மூச்சு இல்லை.

வகுப்பு முடிந்தும் அது போகவில்லை. நானும் மூடவில்லை. இப்போதெல்லாம் மின்கம்பியைச் செருகியே வைத்திருக்கிறேன். முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு அந்தக் கட்டத்திடம் பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. "போச்சு, மதியச் சாப்பாடு போச்சு" என்று அதனிடமே சொன்னேன்.

ஏப்ரல் 18, சனி

இன்று யாரிடமும் பேசவில்லை. குப்பை வண்டிக்காரர் தெருமுனையில் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வேண்டாம் என்று வந்தவனை வாங்க வைப்பது எப்படி, வியாழக்கிழமைப் பாடம். ஒத்திகை பார்த்தேன். கைக்கு வேறொன்றும் அகப்படவில்லை, கதவோரம் தொங்கிய மனைவியின் பச்சைக் குடையை எடுத்தேன். எதிர் நாற்காலி வாடிக்கையாளர். "வாங்க, உக்காருங்க, காத்து அடிச்சாலும் கம்பி வளையாது" என்று விரித்துக் காட்டினேன். நாற்காலி பக்கமும் நானே போய் உட்கார்ந்து, "கலர் பிடிக்கலையே" என்றேன். திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். விலை இறங்கி இறங்கி வந்தது. நாற்காலி வாங்குகிற நேரத்தில் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. இதுக்கு உரிய ஆள் வெளியூர் போயிருக்கு" என்று சொல்லிக் குடையை மடக்கிவிட்டேன்.

மடக்கிய குடையோடு அங்கேயே நின்றேன். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை. அம்மா போன் மட்டும்தான் திறந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

ஏப்ரல் 23, வியாழன்

சேர்க்க முடியாது என்று இன்று முடிவு செய்தேன். யோசித்துப் பார்த்தால் புத்தியில் உறைக்கிறது. பாடம் முடிந்து ஒன்றரை மணி நேரம் எவனாவது உட்கார்ந்திருப்பானா? போனைத் திறந்து தலையணையில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். நான் ஒரு மாங்காய் மடையன், அதற்கு முட்டைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்காமல் சும்மா வந்து நிற்கிறவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்தவனுக்கு இது ஆயிரத்தொன்று.

தேர்வுப் பிரிவில் வருகைப் பட்டியல் கேட்டார்கள். பெயர் தெரிந்த கட்டம் முப்பத்தேழு. பதிவேட்டில் மிச்சம் பதினேழாம் எண். அந்தக் கட்டமாக இருக்கலாம். இருந்தால் மூன்று தரம் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். பதினேழுக்கு நேரே ஒரு நாள்கூட வரவில்லை என்று போட்டு அனுப்பினேன். வருகை இல்லையென்றால் தேர்வு இல்லை, ஒரு வருஷம் போகும். போகட்டும். அப்போதாவது புத்தி வரட்டும்.

ஏப்ரல் 27, திங்கள்

அம்மா போன் இன்று வரவில்லை. பதினொன்று அடித்ததும் எல்லோரும் போனார்கள். பதினொன்று ஒன்றுக்கு மூடினேன். இவ்வளவு சீக்கிரம் மூடினதே இல்லை.

பகல் முழுக்க அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்



துறைத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"சார், பதினேழாம் நம்பர் பொண்ணு எழுதியிருக்கா. எல்லா கிளாஸுக்கும் வந்தேன், சார் பேர் கேட்டப்பல்லாம் சாட்ல எழுதினேன், ஆனா தேர்வு எழுத முடியாதுன்னு வந்திருக்குன்னு."

"எதுல எழுதினா?"

"சாட்ல சார். கீழ சிவப்பா எண்ணு வரும்ல?"

விளம்பரம்! அட கடவுளே. விளம்பரம்!

மூன்று வாரம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அங்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் பூட்டைத் திறக்காமல் ஏன் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடை நிறைய ஆள், நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று வியாபாரம் இல்லை என்று புலம்பியிருக்கிறேன். பழையதைப் படிக்கலாமா என்று கேட்டேன். "மூடினா அழிஞ்சிடும் சார்" என்றார். அவ்வளவும் போயிற்று.

அந்தப் பெண் ஒரு வருஷம் இழக்கப்போகிறாள். இழக்க வைத்தது யார்? டப்பா சார்.

ஏப்ரல் 29, புதன்

தேர்வுப் பிரிவு அதிகாரியிடம் பேசினேன். தப்பு என்னுடையது, பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"போன பட்டியல் போனதுதான் சார். உங்க கையெழுத்துதானே?"

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். என் கடையில் கல்லாவுக்கு மேலே சிவப்பில் ஒரு பலகை மாட்டியிருந்தேன்: விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது. எத்தனை பேர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கீழே கெஞ்சியிருப்பார்கள். நிமிர்ந்து பலகையைக் காட்டுவேன், அவ்வளவுதான். இன்று நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

விடவில்லை. "என்ன கொண்டு வந்தா திரும்ப எடுப்பீங்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணு நிஜமாவே உக்காந்திருந்தான்னு நிரூபிக்கணும். போன் திறந்திருந்தா போதாது. பாடத்த எவன்கிட்டயாவது கேட்டு ஒப்பிச்சிடுவாங்க."

திங்கட்கிழமை பிற்பகல் அவர், துறைத் தலைவர், அந்தப் பெண், நான் என்று திரையில் கூடுவது என்று ஏற்பாடு.

ஏப்ரல் 30, வியாழன்

சிவப்பு எண்ணைத் தொட்டேன். வகுப்பு தொடங்கி இரண்டு நிமிஷத்தில் ஒன்பது வரி.

"சார் மைக்க திறங்க சார்." "இத மூணு வாரமா கேக்குறோம்." "விடுடா, டப்பா சார் பாக்க மாட்டாரு."

"டப்பா சார் பாத்துட்டாரு" என்றேன்.

 சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின. அலுவலக உதவியாளரைக் கேட்டுப் பூட்டையும் திறந்தேன். மிக்ஸி, நாய், எல்லாம் திரும்பி வந்தது. என்ன இனிமை!

அம்மா போன் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தேர்வே இல்லை, வகுப்பு எதற்கு?

மே 4, திங்கள்

அந்தப் பெண்ணின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ஒல்லியான பெண், நெற்றியில் வியர்வை. ஒரே அறை, பின்னால் கட்டிலில் யாரோ போர்த்திப் படுத்திருந்தார்கள். பாதிக் குரலில் பேசினாள். அதிகாரி பாடத்தில் கேட்டார், சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

நான் குறுக்கிட்டேன். "பாடம் முடிஞ்சப்புறமும் நீ இருந்தியேம்மா. அப்ப என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். "சொல்லலாமா சார்?"

"சொல்லு."

"பதினாறாம் தேதி சார் வெச்ச முட்ட வெடிச்சுடுச்சு. இருபதாம் தேதி…" நிறுத்தினாள். "சார் ஒரு பச்சைக் குடைய நாற்காலிக்கு வித்தாரு. நாற்காலி வாங்க வந்துச்சு. அப்புறம் இது விக்கிறதுக்கு இல்ல, உரிய ஆள் வெளியூர் போயிருக்குன்னு சொல்லிட்டு, ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு."

 எனக்குக் காதெல்லாம் சுட்டது. முப்பத்தொரு வருஷத்தில் கடையில் ஒருவர் முன்னும் நான் அப்படி நின்றதில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அது சரிம்மா, கிளாஸ் முடிஞ்சும் எதுக்கு உக்காந்திருந்த?"

"சார் மூடாம நான் எப்படி சார் எழுந்து போறது? மரியாதையா இருக்காதே."

நான் அவள் போகட்டும் என்று. அவள் நான் மூடட்டும் என்று.

அப்போது பின்னால் கட்டிலில் போர்வை எழுந்து உட்கார்ந்தது. "ஐயா, ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க வார்டு பெருக்கிட்டு வந்து படுக்குறேன். அந்த மனுஷன் குடை வித்த சத்தத்துல நானும்தான் முழிச்சுக் கிடந்தேன். என்னையும் கேளுங்க."

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நான்தான் அம்மா. அது என் போன்."

துறைத் தலைவர் சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "திருத்தின பட்டியல நாளைக்கே அனுப்புங்க சார். இந்த ஒரு தடவதான்" என்றார்.

இந்த ஒரு தடவை. அதைக்கூட நான் யாருக்கும் சொன்னதில்லை. தம்பியைக் கூப்பிட்டு, கடை திறந்ததும் அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னேன். "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்கிறான்.

மே 9, சனி

மனைவியிடம் குடைக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏங்க."

"சொல்லு."

"எவ்வளவுக்குக் கேட்டுச்சு நாற்காலி?"

சொன்னேன்.

"அவ்வளவு கீழயா இறங்கினீங்க? என் குடைக்கு?" மூக்கை உறிஞ்சினாள். "விமானம் விட்டதும் மொத ஆளா வர்றேன். அதுவரைக்கும் எடுத்த இடத்துலயே மாட்டி வைங்க."

கத்திரிக்கோல் கிடைத்ததையும் சொல்லிவிட்டேன்.

மே 28, வியாழன்

கடைசி வகுப்பு. அடுத்த வாரம் தேர்வு. முப்பத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். டப்பாவை மேசையில் வைத்தேன். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டில் கிடைத்ததை நகத்தால் தட்டிக் காட்டினார்கள். தட்டு, வாளி, ஒருவன் தன் தம்பியின் தலை. அம்மா போன் மெதுவாக மேசையைத் தட்டியது, அம்மா தூங்குகிறாராம்.

பதினொன்று ஆயிற்று. "சரி, போயிட்டு வாங்க" என்றேன். ஒரு கட்டமும் அசையவில்லை. சிவப்பு எண் கூடியது. திறந்தேன்.

"நீங்க மூடுங்க சார், அப்புறம் போறோம்."

பதினொன்றே கால். பதினொன்றரை. நானும் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். இப்படியே போனால் தேர்வை இங்கேயே எழுத வேண்டியதுதான்.

உள்ளே முப்பத்தெட்டுப் பேர் நிற்கும்போதே, என் வாழ்நாளில் முதல்முறையாக, நானே ஷட்டரை இறக்கினேன்.