மிக நீளமான சொல்

சாவன் 2

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழு மணியளவில் எங்கள் வெள்ளைக் கோழி அப்பாவின் வலது கால் பூட்ஸுக்குள் முட்டையிட்டது. தாயும் முட்டையும் நலம். பூட்ஸின் நிலை கவலைக்கிடம். மழை முடியும்வரை மலையேற ஒரு வெள்ளைக்காரரும் வரப்போவதில்லை, ஆகவே கோழியைக் கிளப்பக் கூடாது என்று அம்மா தீர்ப்பளித்துவிட்டாள்.

இன்னொரு சில்லறைச் செய்தி. வழிகாட்டி உரிமத்துக்கு இந்த வருடம் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வாம். சாவன் முடிந்து அடுத்து வரும் பதௌ மாதம், காட்மாண்டுவில். அப்பா இருபது வருடமாக ஆட்களை லாங்டாங் மலைமேலே கூட்டிப்போய், எண்ணிக்கை குறையாமல் கீழே கொண்டுவந்து சேர்ப்பவர். ஆங்கிலம் பேசச் சொன்னால் அருவி. எழுதச் சொன்னால் மார்கழியில் உறைந்துபோன அதே அருவி. தேறாவிட்டால் வேறு யாரோ வழிகாட்ட, அப்பா பின்னால் மூட்டை சுமக்க வேண்டும். நாற்பத்தாறு வயது. முட்டி இப்போதே கடக் கடக்.

ஆனால் கவலை எதற்கு? வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார். பத்தாம் வகுப்பின் ஆங்கிலப் புலி, ஊர்கேன் தாமாங். அதாவது, நான்.

சாவன் 5

முதல் வகுப்பு, அடுப்படியில். யார் செய்கிறாரோ அவர் எழுவாய், செய்வது வினை, அகப்பட்டுக்கொண்டது செயப்படுபொருள் என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒப்பித்தேன். "நீங்க மூட்டையைத் தூக்குறீங்க. நீங்க எழுவாய், தூக்குறது வினை, மூட்டை செயப்படுபொருள்."

"அப்ப நான் யாருடா?" என்றாள் அம்மா, சோளம் வறுத்தபடி.

"நீ ஆச்சரியக்குறிம்மா."

கரண்டி வந்தது. குனிந்துவிட்டேன்.

சாவன் 6

அப்பா ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார் போல.

"கான்சா, நம்ம பேச்சுல வினை கடைசியில வருது. அதுதான் முறை. பனிமூட்டத்துல வழிகாட்டி கடைசியா நடந்தாத்தான் எல்லாரும் கண்ணுல இருப்பாங்க. இங்கிலீஷ்ல ஏன் அது கூட்டத்துக்குள்ள புகுந்துக்குது? அதை எப்படிப் பிடிக்கிறது?"

கடைக்குட்டியைக் கான்சா என்று கூப்பிட்டு அவ்வளவு பணிவாகக் கேட்டால் என்ன செய்வது? அந்த நொடியில் ஒரு மகத்தான குறும்பு உதித்தது.

"ரொம்ப சுலபம்பா. எந்தச் சொல் மிக நீளமோ, அதுதான் வினை."

அப்பா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். அப்புறம் இன்னொரு கோடு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

சாவன் 7

நாளைக்குச் சொல்கிறேன்.

சாவன் 19

நாங்கள் தேநீர் குடிக்கிறோம், நான் பை சுமக்கிறேன் - நான் கொடுக்கும் ஆங்கில வாக்கியம் எல்லாவற்றிலும் அப்பா வினையைச் சரியாகப் பிடிக்கிறார். அந்த மாதிரி வாக்கியங்களாகப் புத்தகத்து விடைகளைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பது நான்தானே. அவை தீர்ந்துகொண்டு வருகின்றன.

தேநீர்க் கடையில் "என் கான்சாதான் சொல்லித் தர்றான்" என்று அவர் சொன்னாராம். கடைக்காரர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "வாங்க வாத்தியாரே, பெஞ்சைத் துடைக்கட்டுமா?"

இனி எப்படிச் சொல்வது?

பதௌ 4

காலைப் பேருந்தில் அப்பா தேர்வுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா அவர் கழுத்தில், நல்லபடியாகப் போய்வர வாழ்த்திப் போடும் வெள்ளைக் கதாத் துண்டைப் போட்டு அனுப்பினாள். ஜன்னல்வரை ஓடினேன்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"சொல்லுங்க வாத்தியாரே."

"குடை எடுத்தீங்களா?"

சே. சே. சே. குடையாம் குடை!

பதௌ 5

திரிசூலி ஆற்றுக்கு மேலே சாலை சரிந்துவிட்டது. பேருந்துகள் நிற்கின்றன, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்று கடையில் சொன்னார்கள். தொலைபேசி செத்துக் கிடக்கிறது. முப்பத்தொரு தடவை அடித்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் உண்மையை உடைத்துவிட்டேன். கரண்டி வரும் என்று குனிந்துகூட நின்றேன். வரவில்லை.

"உங்கப்பா ஒரு காலத்துல மூட்டை தூக்குனதை நான் பார்த்திருக்கேன். நீ பார்த்ததில்ல," என்றாள். அவ்வளவுதான். கரண்டியே வந்திருக்கலாம்.

பதௌ 6

இன்று தேர்வு. இந்நேரம் எழுத்தெண்ணிக்கொண்டிருப்பார்.

பதௌ 8

அப்பா வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. சரிவைத் தாண்டி நடந்தே போய், தேர்வை எழுதிவிட்டு, நடந்தே வந்திருக்கிறார். உட்காரக்கூட விடவில்லை நான்.

"அப்பா, அந்த நீளமான சொல்..."

"பொய். தெரியும்."

"எப்ப?"

"வண்டி நின்னுச்சே, அப்ப. சும்மா உட்கார்ந்து நான் தினம் பேசுற இங்கிலீஷையெல்லாம் நினைச்சுப் பார்த்தேன். மேல மூச்சு முட்டிப் படுத்துக்கிடக்கிறவங்ககிட்ட ‘ஹெலிகாப்டர் கம்ஸ்’னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீளமா இருக்கிறது ஹெலிகாப்டர்தான். ஆனா அந்த ஆளுக்கு உயிர் வர்றது ‘கம்ஸ்’லதானே? அப்புறம் ஒவ்வொண்ணையும் அப்படியே கேட்டேன். யாரு? என்ன செய்றாங்க? மொத நாள் நீயே சொன்னதுதான்."

"கோபமில்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் நடந்ததுல எறங்கிடுச்சு. வெந்நீர் வை."

வைத்தேன். காலையும் நானே கழுவிவிட்டேன். முட்டியைத் தொட்டபோது கடக் என்றது.

பதௌ 21

தேறிவிட்டார்! புத்திமான் தாமாங், வழிகாட்டி. உரிமத்தில் ஒட்டிய படத்தில் அப்பா திருடன் மாதிரி இருக்கிறார், இருந்தாலும் உரிமம் உரிமம்தான்.

கடை முழுக்கக் கேட்கும்படி, "எல்லாம் என் கான்சா சொல்லிக் கொடுத்தது" என்றார். நானும் கொஞ்ச நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

நோட்டே, உன்னிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். அது குறும்பே இல்லை. அன்று அப்பா கேட்டபோது எனக்கு நிஜமாகவே தெரியாது. ஒப்பிக்கத் தெரியும், கண்டுபிடிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆங்கிலப் புலி இரண்டு வருடமாகப் பரீட்சையில் நீளமான சொல்லாகப் பார்த்துத்தான் அடிக்கோடு போட்டுவருகிறது. போன தடவை நூற்றுக்கு இருபத்தாறு.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்தபடியே நடந்தார். வீட்டில் அதைக் கேட்டு அம்மாதான் சிரித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.