எறும்பு மகாராணிக்கு ஒரு கேள்வி

மார்ச் 4
பேத்தி வந்ததும் வராததுமாக நாற்காலியில் விழுந்தாள். "எறும்பு இன்னிக்கும் ஏமாத்திருச்சு பாட்டி." மூன்று வருட ஆராய்ச்சி. இவள் தாத்தாகூட என்னை இத்தனை நாள் தொடர்ச்சியாக ஏமாற்றியதில்லை.

மார்ச் 7
அவள் மேசைக்கு மேலே ஒரு கிழவியின் படம். எறும்பு விஞ்ஞானத்தில் பெரிய ஆளாம். நான் வைத்த பெயர் எறும்பு மகாராணி. சாமி படத்தைத் துடைக்காதவள் இதைத் தினமும் துடைக்கிறாள்.

"அப்படி என்னடி செஞ்சுட்டா?"

"ஆறு வருஷம் ஒரே புத்துப் பக்கத்துல உக்காந்து பாத்தாங்க பாட்டி. அவங்க புத்தகத்தப் படிச்சுத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்."

நான் அடுப்புப் பக்கத்தில் ஐம்பது வருடம் உட்கார்ந்தேன். ஒருத்தரும் படம் மாட்டவில்லை.

அந்த இங்கிலீஷ் புத்தகத்தை நானும் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு சும்மாவா? பக்க எண்கள் அத்தனையும் படித்துவிட்டேன்.

மார்ச் 12
விஷயம் இதுதான். பாதை இரண்டாகப் பிரியும். சர்க்கரை இருக்கும் பக்கம் நீல அட்டை, மறுபக்கம் மஞ்சள். பழகிய பிறகு அட்டைகளை இடம் மாற்றினாலும் எறும்பு நீலத்துக்கே போகுமாம். நிறத்தை ஞாபகம் வைத்திருக்குமாம். மகாராணியின் எறும்புகள் போயின. இவளுடையவை கோயில் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கின்றன.

மார்ச் 13
இவளுடைய பேராசிரியர் — பெயர் எதற்கு, மீசை போதும் — சொன்னாராம்: "அவங்களுக்கு வந்தது உனக்கு வரலேன்னா தப்பு யார்மேலன்னு நீயே யோசிச்சுக்கோம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். இல்லேன்னா வேற வழி தேடிக்கோ."

பிள்ளை சாப்பிடவில்லை. மீசையை நேரில் பார்த்தால் பேசிக்கொள்கிறேன்.

மார்ச் 16
குளித்துக்கொண்டிருந்தவள் தலையில் சோப்போடு ஓடி வந்தாள். இவள் சுத்தக்காரி, ஒவ்வொரு தடவையும் புது அட்டை போடுகிறாள். மகாராணி பழைய அட்டையையே இடம் மாற்றியிருந்தால்? முன்னே போன எறும்புகள் விட்டுப்போன வாசனையும் அட்டையோடு போயிருக்குமே? நிறமாவது மண்ணாவது!

"அதான் கண்டுபிடிச்சிட்டியே, கேட்டு எழுதிடு."

"அவங்ககிட்டயா? நான் யாரு பாட்டி அவங்களக் கேக்க?"

மார்ச் 17
எழுதுகிறாள். அழிக்கிறாள்.

மார்ச் 19
மீசைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பெரியவங்களப் பகைச்சுக்காத, உனக்கு எங்கயும் வேலை கிடைக்காது." வேண்டாம், விட்டுவிடு என்று நானே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 23
பதில் இல்லை. மகாராணிக்குத் திமிர். படத்தில் மூக்கைப் பார்த்தபோதே நினைத்தேன்.

மார்ச் 24
பதில் வந்தது. பேத்தி வாசித்தாள்: "பழைய அட்டைதான். முப்பது வருஷமா எல்லாரும் பாராட்டினாங்க, ஒருத்தரும் இதக் கேக்கல. வியாழக்கிழமை வரேன். எறும்ப நல்லாப் பாத்துக்கோ."

மூக்கைப் பற்றிச் சொன்னது — சரி, அது மூக்கைப் பற்றி மட்டும்.

மார்ச் 28
வந்தார்களாம். எழுபத்திரண்டு வயதில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர்களே புது நீல அட்டையை வைத்தார்களாம். எறும்புகள் திருதிருவென விழித்தன. எறும்புகள் ஏற்கெனவே நடந்த பழைய அட்டையை வைத்தார்கள், வரிசையாக ஏறின.

"கைதட்டினாங்க பாட்டி. தன்னோடது பொய்யாப் போனதுக்கு."

"கிறுக்கச்சியா?"

"ஆமா," என்றாள். அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில்.

மீசையும் கைதட்டினாராம், கொஞ்சம் தாமதமாக.

ஜூன் 9
மகாராணியின் புத்தகம் மறுபதிப்பு வருகிறதாம். அந்த அத்தியாயத்தை இவளே புதிதாக எழுத வேண்டுமாம். காலையிலிருந்து எழுதுகிறாள்.

"நீ எழுதுறதும் தப்புன்னு ஆயிட்டா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எவளாவது ஒருத்தி எழுதிக் கேப்பா பாட்டி. கேக்கட்டும். அவளுக்காகத்தான் எந்த அட்டை, எத்தன தடவன்னு எல்லாத்தையும் எழுதிட்டிருக்கேன்."