ஊர் கொடுத்த ஆள்

அனுப்புநர்:
க. நீலாயதாட்சி,
க/பெ. கலைவாணன்,
கோயில் தெரு, செல்லியம்மன்மேடு மீனவர் கிராமம்,
கோட்டுச்சேரி கொம்யூன், காரைக்கால்.

பெறுநர்:
மாண்புமிகு குடியரசுத் தலைவர் அவர்கள்,
குடியரசுத் தலைவர் மாளிகை,
புது தில்லி.

பொருள்: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் புதுச்சேரிச் சிறையில் இருக்கும் என் கணவர் கலைவாணனை விடுவிக்கக் கோருதல் – அவர் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்பதைத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் மீன் விற்றுப் பிழைப்பவள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், இதை ஒரே பக்கத்தில் அடக்கித் தருவதாகச் சொன்னார். அடக்கிப் பார்த்ததில், என் கணவர் கொலை செய்துவிட்டு இப்போது வருந்துகிறார் என்று வந்து நின்றது. அதனால்தான் நானே எழுதுகிறேன். நீளமாக இருப்பதற்குத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. 1999ஆம் ஆண்டு ஆனி மாதம், எங்கள் ஊர்ப் படகுகள் விரித்திருந்த வலைகளை, எல்லைக்கு வடக்கே தமிழ்நாட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு ஊரின் விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் அந்த ஊரிலிருந்து நியாயம் பேச வந்தவர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் எங்கள் கரையிலேயே கைகலப்பு ஆனது. அதில் அந்த ஊர் நடராசன் என்பவர் தலையில் துடுப்பால் அடிபட்டு இறந்தார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அடித்தவர் எங்கள் ஊர்த்தலைவர் தர்மலிங்கத்தின் தங்கை மகன் நீலமேகம். கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். என் கணவர் அப்போது கரையிலேயே இல்லை. படகு இன்ஜினைப் பழுது பார்க்கக் காரைக்கால் டவுனில் மார்ட்டின் என்பவரின் பட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

2. இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது போன்ற சண்டையில் உயிர் போய்விட்டால், போலீஸ் ஊருக்குள் புகுந்து ஆண்பிள்ளைகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகும். படகு கடலுக்குப் போகாது. அடுப்பு எரியாது. அதனால் பஞ்சாயத்தார் கூடி, இன்னார்தான் செய்தார் என்று ஒருவரை ஊர் சார்பில் ஒப்படைப்பார்கள். அதற்கு ஆள் கொடுப்பது என்று பெயர். செய்தவரைத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீலமேகத்துக்கு மூன்று பிள்ளைகள். எங்களுக்கு ஒரே பெண். இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தலைவருக்கு மருமகன் முறை என்பதை யாரும் சொல்லவில்லை.

3. அன்று மாலை என் கணவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய், அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள். நீலமேகம் பெயரை எங்கும், எந்தக் காலத்திலும் சொல்வதில்லை என்று சத்தியம். தலைவர் என் கணவரின் தோளைத் தொட்டு, “ஊருக்காகப் போய்ட்டு வாப்பா. ஆறு மாசத்துல நானே வந்து கூட்டியாந்துடறேன். உம்பொண்டாட்டி புள்ளைக்கு ஊரு சோறு போடும்” என்றார். நாங்கள் நம்பினோம். எங்களுக்குத் தெரிந்த சர்க்கார் அவர்தான். அவர் சொல்லிக் கடலுக்குப் போகாமல் நின்றிருக்கிறோம், அவர் சொல்லி அபராதம் கட்டியிருக்கிறோம். அவர் பேச்சு கோர்ட்டிலும் செல்லும் என்று நினைத்தது எங்கள் அறியாமை.

4. நீதிமன்றத்தின் மீது எனக்குக் குறை இல்லை. நீதிபதி என் கணவரைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று தெளிவாகக் கேட்டார். “நான்தாங்க செஞ்சேன்” என்றார் இவர். அதற்குப் பிறகு அவர்கள் வேறு என்ன எழுத முடியும்? பட்டறைக்காரர் மார்ட்டின் இன்றைக்கும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். ஆனால் என் கணவர் வாய் திறக்காதவரை அந்தச் சாட்சி எங்கும் ஏறாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

5. தலைவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்றம் வரை அலைந்தார். அப்பீலும் தோற்றது. எந்த அதிகாரியும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதார். பிறகு 2004 டிசம்பரில் கடல் வந்தது. தலைவரும் போனார், நீலமேகமும் போனார், சத்தியம் வாங்கிய பஞ்சாயத்தாரில் பெரும்பாலோரும் போனார்கள். என் கணவர் சிறையில் இருந்ததால் பிழைத்தார் என்று ஊரில் சிலர் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைத் தங்களால் ஊகிக்க முடியும்.

6. 1999இலேயே, நடராசன் சாவுக்குப் பழிக்குப் பழியாக எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை எல்லைக்கு அந்தப் பக்கத்தில் வைத்து வெட்டிய அந்த ஊர்க்காரருக்கும் ஆயுள் தண்டனைதான். அவரை அந்த மாநில அரசு ஒரு தலைவரின் பிறந்தநாளையொட்டி விடுதலை செய்துவிட்டது. இப்போது அவர் கடலுக்குப் போய்வருவதை எங்கள் படகுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று எழுதினால் அது பொய். நடந்தே போகும் தூரத்தில் எல்லை. அந்தப் பக்கம் மன்னிக்க ஒரு ஆளுநர் இருக்கிறார். நாங்கள் யூனியன் பிரதேசம். எங்கள் துணைநிலை ஆளுநர் தங்கள் சார்பில் ஆள்பவர்தான், மன்னிக்கும் அதிகாரம் தங்களுக்கே என்று வக்கீல் சொன்னார். அதனால்தான் இவ்வளவு சின்ன ஊரிலிருந்து அவ்வளவு பெரிய இடத்துக்கு எழுத நேர்ந்தது.

7. கருணை மனு என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்துவதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சிறையில் காகிதத்தை நீட்டினார்கள். என் கணவர் போட மறுத்துவிட்டார். செய்யாததற்கு வருத்தப்பட அவருக்குத் தெரியவில்லை. செய்தவர் பெயரைச் சொல்லவும் சத்தியம் விடவில்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, செத்தவர்களுக்கு என்ன சத்தியம் என்று கத்தியிருக்கிறேன். “தலைவரு சொன்னாத்தான் சொல்லுவேன் தாட்சி. அவருதான் இல்லையே” என்கிறார். இதே பதில்தான் ஒவ்வொரு முறையும். பிடிவாதம் என்று திட்டிவிட்டு பஸ் ஏறுவேன். கோட்டுச்சேரி வருவதற்குள் அழுகை வந்துவிடும்.

8. இப்போதைய ஊர்த்தலைவர் குணசேகரனிடம், சத்தியத்தை ரத்து செய்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். செத்தவன் மேல் பழி போட ஊர் சம்மதிக்காது என்று அனுப்பிவிட்டார். நீலமேகத்தின் மனைவி செல்லத்திடமும் போனேன். அவளுக்கு எல்லாம் தெரியும். “எம்மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேங்க்கா. கொலகாரன் புள்ளன்னா யாருக்கா பொண்ணு குடுப்பா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகள் பாரதிப்ரியா இத்தனை வருடமாக அந்தப் பெயரோடுதான் பள்ளிக்கூடம் போனாள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் வந்துவிட்டேன். செல்லத்தின் மேல் கோபமும் இருக்கிறது, அவள் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. இந்த மனு வெளியே தெரிந்தால் ஊர் என்னை ஒதுக்கி வைக்கும். ஏலத்தில் யாரும் எனக்கு மீன் கொடுக்க மாட்டார்கள். தெரிந்தேதான் நீலமேகத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். சத்தியம் செய்தவர் என் கணவர், நான் அல்ல.

9. என் கணவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. சளியில் ரத்தம் வருகிறது. போன முறை பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மழைக்காலம் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

ஆகவே, என் கணவரைத் தாங்கள் விடுதலை செய்ய வேண்டுகிறேன். தாங்கள் தனித்து முடிவெடுக்க முடியாது, கோப்பு உள்துறைக்குப் போய், மந்திரிமார் சொல்லும் ஆலோசனைப்படிதான் தங்கள் கையெழுத்து விழும் என்று வக்கீல் எச்சரித்தார். எங்கள் தர்மலிங்கமும் அப்படித்தான், பஞ்சாயத்தார் சொன்னதைத் தன் வாயால் சொன்னார். தலைமையில் இருப்பவர்களின் கைகள் கட்டப்பட்டிருக்கும் என்பது எனக்குப் புதிது இல்லை.

மந்திரிமார் சம்மதிக்கவில்லை என்றால், வேறு ஒன்று கேட்கிறேன். “கலைவாணன் உண்மையைச் சொல்லலாம், இது குடியரசுத் தலைவரின் உத்தரவு” என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதற்கு யாருடைய ஆலோசனையும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். தலைவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உள்ளே போனவர் அவர். எல்லாத் தலைவருக்கும் மேலே இருப்பவர் சொன்னதாக நான் படித்துக் காட்டினால் வாய் திறப்பார்.

தங்கள் கடிதம் வருவதற்குள் அவர் இறந்துபோனாலும், தயவுசெய்து அதை நிறுத்திவிடாமல் என் முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசக் கூடாது. ஆனால் சாவு வீட்டில் பேசலாம். அவரைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தி, தங்கள் கடிதத்தை ஊர் முழுக்கக் கேட்க நானே வாசிப்பேன். வாசித்து முடித்த பிறகே அவரைத் தூக்க விடுவேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
க. நீலாயதாட்சி

இடம்: செல்லியம்மன்மேடு, காரைக்கால்
நாள்: 13.10.2008